ஒரே ஓவியம், நாலு போன், நாலு நீலம்

"எல்சிடி திரையில் நிறம் சரியாகத் தெரியுமா, ஓலெட்டிலா?" என்று ஓவியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஓவியங்களைப் படமெடுத்து, நிறம் சரிபார்த்து, அச்சுக்கும் இணையத்துக்கும் தயார் செய்து கொடுப்பது என் தொழில். காலிபரேட் செய்த, அதாவது கருவி வைத்து நிறத்தைச் சரிப்படுத்திய மானிட்டரில் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும், வரைந்தவரும் வாங்குகிறவரும் கடைசியில் அதைப் பார்ப்பது கையிலிருக்கும் போனில்தான். அதனால் பல வகைப் போன்களை மேசையில் வரிசையாக வைத்து, பக்கத்தில் அசல் ஓவியத்தையும் வைத்து ஒப்பிடுவது வேலையோடு வேலையாகிவிட்டது. அப்படிப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: திரை எந்த வகை என்று கேட்பதற்கு முன்னால், அது எந்த மோடில் இருக்கிறது, எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்று கேட்க வேண்டும். ஒழுங்காக டியூன் செய்த எல்சிடி, கண்டபடி விட்டுவைத்த ஓலெட்டைவிட உண்மையான நிறம் காட்டும். அதே ஓலெட்டைச் சரியான மோடுக்கு மாற்றிவிட்டால், எல்சிடி கிட்டேகூட வர முடியாத இடங்களும் உண்டு.

ஒருமுறை ஓர் இளம் ஓவியர் போன் செய்தார். "அண்ணா, நீங்க அனுப்பின படத்துல வானம் ஊதாவா அடிக்குது. நான் போட்டது கோபால்ட் ப்ளூ. ஆனா அம்மா போன்ல பார்த்தா சரியாத்தான் இருக்கு." விசாரித்தால், அவருடையது புது அமோலெட் (ஓலெட்டில் ஒரு வகை) போன், பெட்டியிலிருந்து எடுத்தபடியே, நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடில் இருக்கிறது. அம்மாவுடையது பழைய எல்சிடி. "செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளேக்குப் போய் ஸ்கிரீன் மோடை நேச்சுரல்னு மாத்துங்க. மாத்தின உடனே முடிவு பண்ணாதீங்க, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க" என்றேன். அன்று மாலை பதில் வந்தது: "இப்ப ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா என் போன் என்னமோ டல்லா போயிட்ட மாதிரி இருக்கு அண்ணா." அந்தக் கடைசி வரியில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. அந்த விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் "சரியான நிறம்" என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். படக் கோப்புக்குள் இருப்பதெல்லாம் எண்கள்தான். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 255, 0, 0 என்றால் முழுச் சிவப்பு. சரி, எந்தச் சிவப்பு? அதை வரையறுக்கத்தான் தர அளவுகள் இருக்கின்றன. 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்து, 1999-ல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி அதில் மிகப் பரவலானது. இணையத்தில் இருக்கும் படங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. அப்புறம் சினிமா புரொஜெக்டர்களுக்காக வந்த டிசிஐ பி3. அதன் அகலமான நிற வரம்பை (காட்ட முடிந்த நிறங்களின் பரப்பை) எடுத்துக்கொண்டு, வெள்ளையை டி65-க்கு மாற்றி, எஸ்ஆர்ஜிபியின் டோன் வளைவையே (எந்த எண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கை) வைத்து ஆப்பிள் அமைத்ததுதான் டிஸ்ப்ளே பி3. இது எஸ்ஆர்ஜிபியைவிட சுமார் 25 சதவீதம் அகலம். டி65 என்பது பகல் வெளிச்சத்தை ஒட்டிய, ஏறக்குறைய 6500 கெல்வின் வெள்ளை; இந்த எண் கூடினால் வெள்ளை நீலத்துக்கும், குறைந்தால் மஞ்சளுக்கும் சாயும்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. எஸ்ஆர்ஜிபி கணக்கில் எழுதிய 255, 0, 0-ஐ, அதைவிட அகலமான வரம்புள்ள திரைக்கு எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே அனுப்பினால், திரை தன்னால் முடிந்த உச்சச் சிவப்பைக் காட்டிவிடும். அது கோப்பு கேட்ட சிவப்பைவிட அடர்த்தியானது. 2010-ல் முதல் கேலக்ஸி எஸ் வந்ததிலிருந்து "அமோலெட் என்றாலே நிறம் அடித்துக்கொண்டு நிற்கும்" என்ற பேச்சு இருப்பதற்குக் காரணம் இதுதான். முகம் ஆரஞ்சாகவும் புல் கண்ணைப் பறிக்கும் பச்சையாகவும் தெரிந்தது. பேனலின் திறமை அதிகம், அந்தத் திறமையைக் கோப்பின் கணக்குக்குள் கட்டிப்போடும் மென்பொருள் அப்போது இல்லை. அந்தக் கணக்கு மாற்றத்துக்குப் பெயர் கலர் மேனேஜ்மென்ட். ஐபோனில் 2016-ன் ஐபோன் 7 பி3 திரையோடு வந்தபோது, எஸ்ஆர்ஜிபி படம் எஸ்ஆர்ஜிபியாகவே தெரிய சிஸ்டமே பார்த்துக்கொண்டது. ஆண்ட்ராய்டில் அகல வரம்புக்கான கலர் மேனேஜ்மென்ட் 2017-ல் 8.0 ஓரியோவோடு வந்தது.

அதே 2017-ல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூகுளின் பிக்சல் 2 எக்ஸ்எல் எஸ்ஆர்ஜிபிக்கு ஒட்டிய நிறத்தோடு வந்தது. வாங்கியவர்களில் நிறைய பேர் "திரை வெளிறிப்போய் இருக்கிறது" என்று குறைப்பட்டார்கள். கூகுள் ஓர் அப்டேட்டில் "சாச்சுரேட்டட்" என்ற மோடைச் சேர்த்துக் கொடுத்தது. வருடக்கணக்காக அடர்த்தி கூட்டிய திரைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உண்மையான நிறம் குறையாகத் தெரிந்தது. அந்த இளம் ஓவியர் தன் போன் "டல்லா போயிட்ட மாதிரி" இருக்கிறது என்றதும் இதேதான்.

நம் கண் எந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறதோ அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொண்டுவிடும். விவிட் மோடுகளில் வெள்ளை நீலம் பூசினாற்போல இருக்கும், 7000 கெல்வினைத் தாண்டுவது சாதாரணம். அதில் பழகிவிட்டு 6500-க்கு மாறினால் திரையே மஞ்சளாகிவிட்டது என்று தோன்றும். நேச்சுரலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி விவிட்டுக்குப் போய்ப் பாருங்கள், அப்போதுதான் அதன் வெள்ளை எவ்வளவு நீலம் என்பது தெரியும். நிறத்தை ஒப்பிடுகிறவர் முதலில் கடைப்பிடிக்க வேண்டியது இந்தப் பொறுமை.

இனி பேனல் வகைக்கு வருவோம். இதில் எனக்குப் பிடித்த ஒப்பீடு ஐபோன் 8-ம் ஐபோன் எக்ஸும். இரண்டும் 2017, ஒரே நிறுவனம், இரண்டுக்கும் பி3 வரம்பு, இரண்டுக்கும் அதிகபட்ச பிரைட்னஸ் 625 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). பேனல்தான் வேறு: 8-ல் ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி, எக்ஸில் ஓலெட். எது தொழில்நுட்பத்தின் குணம், எது டியூனிங்கின் குணம் என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கஷ்டம். இரண்டையும் ஓர் ஓவியத்தின் பக்கத்தில் வைத்து, பிரைட்னஸை நடுவில் வைத்து நேராகப் பார்த்தபோது, நடுத்தர நிறங்களில் எனக்கு ஏறக்குறைய வித்தியாசமே தெரியவில்லை. தோல் நிறம், ஓக்கர் மஞ்சள், இலைப் பச்சை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஒரே தர அளவுக்கு டியூன் செய்தால் எல்சிடியும் ஓலெட்டும் ஒரே நிறத்தைக் காட்டும் என்பதை நேரில் பார்க்க இது போதும். வித்தியாசம் எல்லாம் ஓரங்களில்தான்: ஆழ்ந்த இருட்டில், சாய்த்துப் பார்க்கும்போது, பிரைட்னஸைத் தாழ்த்தும்போது.

இருட்டை எடுத்துக்கொள்வோம். எல்சிடியின் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிக்சலும் அந்த விளக்குக்கு முன்னால் இருக்கும் ஒரு சன்னல் கதவு, எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசியும். ஆப்பிள் சொன்ன கான்ட்ராஸ்ட் விகிதம் (திரையின் வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்பது) ஐபோன் 8-க்கு 1400-க்கு 1, எக்ஸுக்கு 10 லட்சத்துக்கு 1. ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது, கறுப்பு வேண்டுமென்றால் அணைந்துவிடுகிறது. இதைக் கறுப்பின் கதையாக மட்டும் பார்க்கக் கூடாது, நிறத்தின் கதையும் இதுதான். கசியும் அந்தக் கொஞ்ச வெளிச்சம் இருண்ட நிறங்களோடு கலந்து அவற்றைச் சாம்பலாக்கிவிடும். இண்டிகோவும் கருநீலமும் அடுக்கடுக்காகப் பூசிய இரவுக் காட்சி ஒன்றை இருட்டறையில் இரண்டிலும் பார்த்தேன். எல்சிடியில் கருநீலம் சாம்பல் நீலமாகிவிட்டது, அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஓலெட்டில் அடர் ஊதாவும் அடர் நீலமும் தனித்தனியாக நின்றன. இருண்ட ஓவியங்கள் வரைகிறவர்களுக்கு ஓலெட்டைத் தயங்காமல் சொல்வேன். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எந்தக் கசிவையும்விட அதிகம்.

சாய்வு. ஐபிஎஸ் எல்சிடியைச் சாய்த்தால் பிரைட்னஸ் குறையும், நிறம் பெரிதாக மாறாது. ஓலெட்டைச் சாய்த்தால் பிரைட்னஸ் அவ்வளவு குறையாது, ஆனால் வெள்ளையில் நீலமோ பச்சையோ பூசிக்கொள்ளும், சில பேனல்களில் இளஞ்சிவப்புக்கூட. ஓலெட்டின் மிக மெல்லிய படலங்களுக்கு நடுவே ஒளி எதிரொளித்து, ஒன்றோடொன்று கூடியும் குறைந்தும் வெளியே வருகிறது. எந்த அலைநீளம் அதில் கூடும் என்பது பார்க்கும் கோணத்தோடு மாறும். ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் இது ஓலெட்டின் இயல்பு என்று எழுதியிருக்கிறது. இது நடைமுறையில் எங்கே இடிக்கும் என்றால், மேசையில் போனைப் படுக்க வைத்து இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கும்போது. வெள்ளைப் பின்னணியில் இருக்கும் ஓவியம் என்றால் இரண்டு பேரும் பார்ப்பது இரண்டு வெள்ளை. போனைக் கையில் எடுத்து நேராகப் பார்க்கச் சொல்லுங்கள், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

குறைந்த பிரைட்னஸ்தான் ஓலெட்டின் மெலிந்த இடம். நீங்களே பார்க்கலாம். ஓர் அடர் சாம்பல் படத்தைத் திரை முழுக்க வையுங்கள், மூன்று எண்களும் 20 அல்லது 25 இருந்தால் போதும். அறையை இருட்டாக்கி, பிரைட்னஸைக் கடைசி வரை இறக்குங்கள். எல்சிடியில் ஒரே சீரான சாம்பல் தெரியும், ஓரங்களில் கொஞ்சம் வெளிச்சம் கூடலாம். பல ஓலெட்டுகளில் அந்தச் சாம்பல் மெல்லிய பச்சைக்கோ இளஞ்சிவப்புக்கோ சாயும். சிலவற்றில் திட்டுத்திட்டாகவும் கோடு கோடாகவும் தெரியும். பிக்சலுக்குப் போகும் மின்னோட்டம் மிகமிகக் குறைவாக இருக்கும்போது, லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலுள்ள சின்னச் சின்ன வித்தியாசங்கள் எல்லாம் நிறமாக வெளியே வந்துவிடுகின்றன. இதைச் சமாளிக்கத்தான் பல போன்களில் பிடபிள்யூஎம் முறை: மின்னோட்டத்தை ரொம்பக் குறைக்காமல், வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றி வெளிச்சத்தைக் குறைப்பது. அந்தத் துடிப்பு சிலருக்குக் கண்வலியும் தலைவலியும் தருவதால் துடிப்பு இல்லாமல் மின்னோட்டத்தையே குறைக்கும் டிசி டிம்மிங் என்ற வசதியைக் கொடுக்கிறார்கள். கண்ணுக்கு இதமாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். நிறம் பார்க்கும் நேரத்தில் மட்டும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் தாழ்ந்த பிரைட்னஸில் நிறச் சாய்வு அப்போது கூடுதலாகத் தெரியும். ஒரே மாடலின் இரண்டு போன்களில்கூட இந்தச் சாம்பல் சோதனை வேறு வேறு விடை தரும். அதனால் "அந்த மாடல் பச்சையடிக்கும்" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நான் எடுத்துக்கொள்வதில்லை. என் கையிலிருக்கும் அந்த ஒரு போன் என்ன காட்டுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

எல்சிடியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மேலே நான் சொன்ன எல்சிடி நன்றாக டியூன் செய்தது. விலை குறைந்த போன்களில் வரும் பல எல்சிடிகள் எஸ்ஆர்ஜிபி வரம்பைக்கூட முழுதாக எட்டுவதில்லை. நீல எல்இடிமேல் மஞ்சள் பாஸ்பர் (ஒளிபட்டால் தானும் ஒளிரும் பொருள்) பூசித்தான் அந்தப் பின்னொளியின் வெள்ளையை உண்டாக்குகிறார்கள். அதில் ஆழ்ந்த சிவப்பு குறைவு, நீலம் தூக்கல். காட்மியம் சிவப்பு அதில் செங்கல் நிறத்துக்குப் போய்விடும், வெள்ளைத்தாள் நீலமடிக்கும். இதற்கு எந்த மோடாலும் மருந்தில்லை, இல்லாத சிவப்பைச் செட்டிங்ஸில் உண்டாக்க முடியாது. மாறாக, அதிகமாக இருப்பதைக் குறைக்க முடியும். நேச்சுரல் மோட் உள்ள ஓலெட்டை நான் முன்னால் வைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

நிறமிகளைப் பற்றி ஓவியர்களுக்குத் தனியாக ஒன்று. பி3 திரை வாங்கினால் எல்லா நிறமும் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். பி3 அகலமாவது சிவப்புப் பக்கமும் பச்சைப் பக்கமும்தான். எஸ்ஆர்ஜிபியின் நீல முனையும் பி3-யின் நீல முனையும் ஒரே புள்ளி. அதனால் காட்மியம் ஆரஞ்சும் காட்மியம் சிவப்பும் பி3-யில் உயிர்பெற்று எழும், அல்ட்ராமரினுக்குப் பெரிய லாபம் இல்லை. கோபால்ட் டீல், தாலோ டர்க்காய்ஸ் போன்ற பச்சைநீலங்கள் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே போய்விடக்கூடியவை, பி3-யில் கொஞ்சம் கிட்டே வரும், முழுதாக வராது. ஒளிரும் ஃப்ளோரசன்ட் வண்ணங்களை எந்தப் போனிலும் எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு சிக்கல் கேமராவிலேயே இருக்கிறது. கோபால்ட் ப்ளூவும் அல்ட்ராமரினும் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஆழ்சிவப்பு ஒளியை நன்றாகவே திருப்பி அனுப்புகின்றன. சென்சார் அதைப் பிடித்துக்கொள்வதால் படத்தில் நீலம் ஊதாவுக்குச் சாயும். அதை நான் மானிட்டரில் திருத்திவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஆனால் நீங்களே போனில் படமெடுத்து, திரையில் ஊதாவாகத் தெரிந்தால், திரையைத் திட்டுவதற்கு முன் கேமராவையும் சந்தேகப்படுங்கள்.

அளவுக் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விமர்சனங்களில் வரும் டெல்டா ஈ எண்ணைப் பார்த்து நிறைய பேர் போன் வாங்குகிறார்கள். கேட்ட நிறத்துக்கும் திரை காட்டிய நிறத்துக்கும் உள்ள தூரம்தான் டெல்டா ஈ. 1-க்குக் கீழே இருந்தால் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 3-ஐத் தாண்டினால் ஒப்பிடும்போது தெரிந்துவிடும். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எந்த மோடில் அளந்தார்கள் என்று பாருங்கள், விவிட்டில் அளந்த எண்ணால் நமக்குப் பயனில்லை. சராசரியோடு அதிகபட்சத்தையும் பாருங்கள். சராசரி 1.5 என்று அழகாக இருக்கும், அதற்குள் நீலத்தில் மட்டும் 6 ஒளிந்திருக்கும். எந்தச் சூத்திரம் என்றும் பாருங்கள். 1976-ன் பழைய சூத்திரமும் 2000-ன் சூத்திரமும் ஒரே அளவீட்டுக்கு வெவ்வேறு எண் தரும், அடர் நிறங்களில் பழையது மிகவும் கூட்டிக் காட்டும். எந்த பிரைட்னஸில் அளந்தார்கள் என்பதை முடிந்தால் தேடிப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் குறைந்த பிரைட்னஸில் அளப்பதே இல்லை.

அதோடு, கருவி சொல்வதும் கண் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓர் எல்சிடியையும் ஓர் ஓலெட்டையும் கருவி வைத்து ஒரே வெள்ளைக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எண்கள் ஒன்று, ஆனால் ஓலெட்டின் வெள்ளை என் கண்ணுக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரிந்தது. கருவி கெட்டுப்போகவில்லை. நிறத்தை எண்ணாக்கும் கணக்கு 1931-ல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு வகுத்தது. 1920-களில் ரைட், கில்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் முறையே 10 பேரையும் 7 பேரையும் வைத்துச் செய்த சோதனைகள்தான் அதற்கு அடிப்படை. அந்த 17 பேரின் பார்வையைத்தான் இன்றும் "சராசரிக் கண்" என்று வைத்திருக்கிறோம். ஓலெட்டின் மூன்று நிறங்களும் அலைநீளத்தில் குறுகியவை. ஒளி எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு ஒருவர் கண்ணுக்கும் இன்னொருவர் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியும். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாவதும் இதில் சேர்கிறது. சோனி தன் தொழில்முறை ஓலெட் மானிட்டர்களுக்கு இதற்காகவே வெள்ளைப் புள்ளியைச் சற்று நகர்த்தி வைக்கப் பரிந்துரைத்தது. அதனால் ஒரே போனை இரண்டு பேர் பார்த்து "லேசா பச்சை", "இல்லவே இல்லை" என்று சொன்னால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

போன் தானாகச் செய்யும் மாற்றங்கள் தனி. நைட் ஷிஃப்ட், நைட் லைட், ஐ கம்ஃபர்ட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது நீலத்தைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்கும். மாலையானதும் தானாக ஓடும்படி போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். "நேத்து ராத்திரி பார்த்தப்ப ஓவியம் வேற மாதிரி இருந்துச்சே" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். 2016-ல் 9.7 அங்குல ஐபேட் ப்ரோவில் அறிமுகமான ட்ரூ டோன் வேறு வகை: அறையின் வெளிச்சத்துக்கேற்பத் திரையின் வெள்ளையை நகர்த்தும். வாசிக்க மிக இதமானது, நானே அதை எப்போதும் போட்டு வைத்திருக்கிறேன். நிறம் ஒப்பிடும் நேரத்தில் மட்டும் அணைத்துவிடுவேன், இல்லாவிட்டால் பக்கத்துப் போனும் இதுவும் ஒரே வெள்ளையில் நிற்காது. வெயிலில் ஆட்டோ பிரைட்னஸ் உச்சத்துக்குப் போகும்போது பல போன்கள் நிழற்பகுதிகளையும் தூக்கிவிடுகின்றன. வெளியே நின்று நிறம் முடிவு செய்ய வேண்டாம். திரைமேல் ஒட்டிய கண்ணாடியும் கணக்கில் வரும், முக்கியமாகப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் மறைக்கும் பிரைவசி வகை. வருடக்கணக்காக ஓடிய ஓலெட்டில் நீலம் மற்றவற்றைவிட முன்னால் தேயும், அதனால் திரை மெல்ல மெல்ல மஞ்சளுக்குச் சாயும். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் நீலப் பகுதியை (துணைப்பிக்சலை) உற்பத்தியாளர்கள் பெரிதாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் ஒப்பிடும் விதம் இப்படி. வெயில் நேரடியாகப் படாத சன்னல் ஓரத்தில், பகலில், அசல் ஓவியத்தை வைத்துக்கொள்வேன். பக்கத்தில் ஒரு வெறும் வெள்ளைத்தாள். எல்லாப் போன்களையும் நேச்சுரல் மோடுக்கு மாற்றி (சில நிறுவனங்களில் இது "ஒரிஜினல் கலர்" என்று இருக்கும், ஐபோனில் இந்தத் தேர்வே கிடையாது), தானியங்கி வசதிகளை எல்லாம் அணைத்து, திரையின் வெள்ளை அந்தத் தாளின் வெளிச்சத்துக்கு ஒட்டி வரும் வரை பிரைட்னஸைக் கூட்டிக் குறைப்பேன். இந்த ஒரு படி ரொம்ப முக்கியம், ஏனென்றால் பிரைட்னஸ் அதிகமான திரையின் நிறம் அடர்த்தியாகவும் தெளிவாகவும் தோன்றும், கண் உடனே அதற்கு ஓட்டுப் போட்டுவிடும். பிறகு ஓவியத்தைத் திறக்க மாட்டேன். கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் ஒரு சாம்பல் பட்டையைத் திறப்பேன். சாம்பல் எந்த இடத்திலும் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால் அந்தத் திரையை நம்பலாம். நிறச் சாய்வைக் கண் எளிதாகப் பிடிப்பது சாம்பலில்தான், அடர் சிவப்பில் அதே அளவு தவறு இருந்தாலும் நமக்குத் தெரியாது. அதற்குப் பிறகு தோல் நிறம், கடைசியாகத்தான் அடர் நிறங்கள்.

இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து மூன்றாவது போனால் படமெடுத்து "பாருங்கள் வித்தியாசத்தை" என்று அனுப்புகிறார்கள். அதில் எந்தத் தகவலும் இல்லை. எடுக்கும் கேமரா தன் ஒயிட் பேலன்ஸை (எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்ற கணக்கை) ஏதோ ஒரு திரைக்கு ஏற்றுக்கொள்ளும், மற்றது மஞ்சளாகவோ நீலமாகவோ விழும். அந்தப் படத்தையும் நாம் வேறொரு திரையில்தான் பார்க்கிறோம்.

கோப்பு பயணப்படும் வழியையும் பார்க்க வேண்டும். புதிய போன்கள் பல பி3-யில் படமெடுத்து, அந்த விவரத்தை ஐசிசி ப்ரொஃபைலாகக் கோப்புக்குள் வைக்கின்றன. வழியில் ஏதாவது ஒரு செயலி அந்த ப்ரொஃபைலை உதறிவிட்டால், பெறுகிற போன் அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக்கொள்ளும், படம் வெளிறிப்போகும். அதனால் நான் அனுப்பும் எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ப்ரொஃபைலை உள்ளே வைத்து, டாக்குமென்டாக அனுப்புகிறேன். சாட்டில் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கவும் செய்யும். பி3-யில் கிடைக்கும் கூடுதல் ஆரஞ்சை இதனால் இழக்கிறேன், ஆனால் எல்லோரும் ஒன்றைப் பார்க்கிறார்கள் என்ற நிம்மதி இருக்கிறது. ஹெச்டிஆர் படங்கள் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சாதாரணப் படத்தைவிட அதிகமாகக் காட்டுபவை) இன்னும் சிக்கல். ஆண்ட்ராய்டு 14-ல் 2023-ல் வந்த அல்ட்ரா ஹெச்டிஆர் போன்றவை, பிரைட்னஸைக் கூட்டிக் காட்ட ஒரு தனி வரைபடத்தைக் கோப்பிலேயே வைக்கின்றன. அதை ஆதரிக்கும் திரையில் வெள்ளைகள் எரியும், ஆதரிக்காத திரையில் சாதாரணமாக இருக்கும். ஓவியம் எடுக்கும்போது கேமராவில் ஹெச்டிஆரை அணைத்துவிடுங்கள்.

புதுப் போன் வாங்கப்போகிறவர்களுக்கு: நேச்சுரல் மோட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது, வெள்ளையின் சாய்வை நாமே நகர்த்தும் ஸ்லைடர் இருக்கிறதா என்பது. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போன்கள் பெரும்பாலும் முழு பிரைட்னஸிலும் விவிட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கையில் எடுத்து, மோடை மாற்றி, பிரைட்னஸைப் பாதியாக்கி, ஒரு சாம்பல் படத்தைத் திறந்து பாருங்கள். வேலைக்கு நேச்சுரல் போதும், மற்ற நேரத்தில் விவிட் பிடித்திருந்தால் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதும் ஒரு தேவைதான்.

ஓவியம் அச்சுக்குப் போவதாக இருந்தால், போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதில் ஒப்புதல் கொடுக்க வேண்டாம். போன் டி65 வெள்ளையில் தானே ஒளி தருகிறது. அச்சைப் பார்ப்பதற்கான சர்வதேசத் தரம் டி50, அதாவது ஏறக்குறைய 5000 கெல்வின் விளக்கு. காகிதம் தன்மேல் விழும் ஒளியை மட்டுமே திருப்பித் தருகிறது, மையின் நிற வரம்பும் வேறு. திரையில் மின்னும் பிரகாசமான நீலமும் பச்சையும்தான் காகிதத்தில் முதலில் மங்கும். ஓவியத்தின் ஒரு மூலையை மட்டும், முக்கியமாக அடர் நீலமும் தோல் நிறமும் சேர்ந்து வரும் இடத்தை, அதே காகிதத்தில் அதே மெஷினில் சோதனைப் பிரதியாக எடுக்கச் சொல்லுங்கள். அதை அசலின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை ஓட்டச் சொல்லலாம்.